கட்டைவிரலை எடுத்தவள்

மதியம் இரண்டு மணிக்கு நடக்கும் மரண விசாரணையில் மேவிஸ் கோப் ஓர் ஆளைக் கொன்றவள் என்று ஊரறியச் சொல்லிவிடுவார்கள். அதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. டீக்கடையில் அவள் முன்னால் இருந்த தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.

"நான் எடுக்கல மேடம். சத்தியமா விரலை எடுக்கவே இல்ல," என்றாள். "ஆனா அஞ்சு நாளா எல்லாரும் எடுத்தே எடுத்தேன்னு சொல்றாங்களா, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

"அஞ்சு நாள் போதும். என்னை எங்க ஸ்கூல்ல ரெண்டே நாள்ல முட்டாள்னு நம்ப வெச்சாங்க," என்றான் கிளெம். பஸ் கண்டக்டராக இருந்து, பயணிகளிடம் வாய் நீண்டதால் வேலை போய், ஆறு வருடமாகத் துப்பறியும் ஹெஸ்டர் புல்லனிடம் உதவியாளனாக இருப்பவன். வாய் மட்டும் குறையவே இல்லை.

ஹெஸ்டர் அவனைக் கண்டுகொள்ளவில்லை. ஊறுகாய் முட்டையை நான்காக வெட்டி, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "சனிக்கிழமை நடந்ததை இன்னொரு தடவை சொல்லும்மா," என்றாள்.

ஷெல்விக் கோட்டையில் வருடா வருடம் நடக்கும் கூத்துதான் அது. ஊரில் உள்ள வங்கி குமாஸ்தாவும் மீன் கடைக்காரரும் முந்நூறு வருடத்துக்கு முந்தைய உடுப்பை மாட்டிக்கொண்டு, தங்களுக்குப் 'பீரங்கிப் படை' என்று பேர் வைத்துக்கொண்டு, ஒரு பழைய பீரங்கியில் குண்டு போடாமல் மருந்து மட்டும் போட்டு வெடிப்பார்கள். ஜனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள். கூடாரம் தைக்கும் பட்டறையில் வேலை செய்யும் மேவிஸுக்கு அந்தப் படையில் ஒரே ஒரு வேலை. பீரங்கியின் பின்பக்கம், மேலே ஒரு சின்னத் துளை இருக்கும். ஒருமுறை வெடித்ததும் உள்ளே கங்கு மிச்சமிருக்கும். ஈரமான ஆட்டுத்தோல் கட்டிய நீளக் கம்பால் அதைத் துடைத்து அணைத்துவிட்டு, அடுத்த மருந்துப் பொட்டலத்தை உள்ளே தள்ளி இடித்து முடிக்கும் வரைக்கும், மேவிஸ் தன் கட்டைவிரலால் அந்தத் துளையை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். விரலுக்குத் தோல் உறை உண்டு. விரலை எடுத்தால் காற்று உள்ளே போகும். மிச்சமிருக்கும் கங்கு கனன்றுவிடும். வாய்ப்பக்கம் நின்று மருந்தை இடிப்பவன் கதி அதோகதி.

சனிக்கிழமை ஐந்தாவது வெடிக்கு மருந்தை இடித்தவர் ஆம்புரோஸ் பீல், ஓய்வு பெற்ற தபால்காரர். மருந்து தானாக வெடித்தது. இடிகம்பு அவர் நெஞ்சைப் பிளந்துகொண்டு போனது.

"அடிச்ச வேகத்துல நான் பின்னால போய் விழுந்தேன். உறை கழண்டு எங்கேயோ விழுந்துடுச்சு. எங்க படைத் தலைவர் மேஜர்தான் எல்லாத்தையும் பொறுக்கி எடுத்தாரு. விரல் மேல சிவந்திருந்துச்சு, டாக்டரைக் கேட்டா சூடான இரும்பு பட்டிருக்கும்னுட்டாரு," என்றாள் மேவிஸ்.

"துடைச்சது யாரு?"

"மேஜர். ஜனங்க பார்க்கிற வேலைன்னா அவருதான் செய்வாரு. வாளில முக்கி, சுழட்டி, மீசையை வேற தடவிக்குவாரு."

"பீலுக்கும் மேஜருக்கும் எப்படி?"

மேவிஸ் கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வைத்தாள். படையின் மாத மலர். மேஜர் லயனல் ஹார்போட்டில் எழுதிய 'பழைய பீரங்கிச் சொற்கள்' என்ற அகராதியைப் பற்றி ஆம்புரோஸ் பீல் எழுதிய விமர்சனம் அதில் இருந்தது. நாற்பது வருடம் தபால் கொடுத்த வீடுகளில் எல்லாம் கேட்டுக் கேட்டு, பழைய பீரங்கிக்காரர்களின் சொற்களைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிச் சேர்த்தவர் பீல். அந்தப் புத்தகத்தில் முப்பத்தேழு தப்பு கண்டுபிடித்திருந்தார்.

கிளெம் கடைசி வரியை உரக்கப் படித்தான். "'முப்பத்தாறு தவறுகள் சிரிப்பதற்கு. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துத் தவறு அப்படியல்ல. அதை நம்பி யாராவது வேலை செய்தால் ஆள் சாவார்.' தபால்காரர் நல்லாத்தான் பட்டுவாடா பண்ணியிருக்காரு, பாஸ்."

"அந்த உறை யாரு தெச்சது?" என்றாள் ஹெஸ்டர், முட்டையின் கடைசித் துண்டைக் குத்தியபடி.

"நானேதான். மூணு தடவை நூல் அறுந்து போச்சு. அப்புறம்..." மேவிஸ் முகம் சிவந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஹெஸ்டரின் காதில் எதையோ சொன்னாள். "வெளிய தெரிஞ்சா படையை விட்டே தூக்கிடுவாங்க மேடம்."

"ஜெயிலுக்குப் போகப்போற பொண்ணு படையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயப்படுது. இந்த ஊர்ல தண்ணில என்னத்த கலக்கறாங்க?" என்றான் கிளெம்.

ஹெஸ்டர் எழுந்து மேலங்கியை மாட்டினாள். "எங்கூட வா மேவிஸ். நான் கேக்காம வாயைத் திறக்காதே. கிளெம், நீ திறந்தே வெச்சிரு. அந்த ஆளுக்குக் கோபம் வரணும்."

மேஜர் ஹார்போட்டில் யுத்தம் முடியும் வரை ராணுவத்தில் உருளைக்கிழங்குக் கிடங்கைக் காவல் காத்தவர். எதிரியைப் பார்த்து ஒரு தோட்டா சுட்டதில்லை. எதிரியைப் பார்த்ததுமில்லை. ஆனால் பழைய சொற்களை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்துவிட்டால், எல்லாப் போரிலும் தானே முன்னால் நின்ற மாதிரி நெஞ்சு நிமிர்ந்துவிடும். கோட்டைக்குள் அவர் வைத்திருந்த அருங்காட்சியகத்தின் வாசலில் கான்ஸ்டபிள் ஸ்னெல் இறைச்சிப் பணியாரம் ஒன்றைத் தின்றுகொண்டு நின்றான். விசாரணைக்கு வேண்டிய சாட்சிப் பொருளை வாங்கிப் போக வந்தவன். ஐந்து நாளாக அதை மேஜரிடமே விட்டு வைத்திருந்தார்கள், பெரிய மனிதராயிற்றே என்று.

மேவிஸைப் பார்த்ததும் மேஜரின் மூக்கு சுருங்கியது. "இவ எதுக்கு இங்க?"

"வழி காட்ட," என்றாள் ஹெஸ்டர். "நாங்க வெளியூரு. பீரங்கின்னா என்னன்னே தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்."

அவ்வளவுதான். மேஜர் மலர்ந்துவிட்டார். சுவரோரம் நின்ற பீரங்கிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். இது சேக்கர், வல்லூறின் பேர். இது கல்வரின், பாம்பின் பேர். அந்தக் காலத்தில் கொல்வதற்கும் ஒரு கவிதை இருந்தது என்றார்.

"இந்த மூடி எதுக்குங்க?" என்று கேட்டான் கிளெம், ஒரு பீரங்கியின் வாயில் செருகியிருந்த கட்டையைத் தட்டி.

"அது மூடி இல்ல தம்பி. டாம்பியன்."

"சரி. டாம்பியன்ங்கிற மூடி எதுக்கு?"

"...மழைத்தண்ணி உள்ள போகாம இருக்க."

"அப்ப மூடிதானே. இந்தக் குச்சி?"

"குச்சியா? லின்ஸ்டாக். திரியைச் சுத்தி நெருப்பு வைக்கிற தடி. எலிசபெத் ராணி காலத்துச் சொல். நீங்க எல்லாத்தையும் குச்சி, மூடின்னு சொன்னா அப்புறம் மனுஷனுக்கும் மாட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"மாடு உருளைக்கிழங்குக்குக் காவல் இருக்காது. தின்னுடும்."

மேஜரின் கழுத்து நரம்பு புடைத்தது. ஹெஸ்டர் அதற்குள் கல்லாவின் மேல் அடுக்கியிருந்த 'பழைய பீரங்கிச் சொற்கள்' ஒன்றை எடுத்துப் புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு மூடி, இருந்த இடத்திலேயே நேராக வைத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிளெமுக்கு மட்டும், அவள் இடது காதைத் தேய்த்துக்கொண்டதில் விஷயம் இருக்கிறது என்று புரிந்தது.

நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே வெல்வெட் துணியில் சின்னச் சின்னச் சாமான்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே மேஜர் கையால் எழுதிய அட்டை. கிளெம் குனிந்து பார்த்தான். "எண் நாப்பத்தொண்ணு. கட்டைவிரல் உறை. உள்நாட்டுப் போர்க் காலம். தீப்பட்டது. காய்ஞ்ச பிளம் பழம் மாதிரி இருக்கு."

"முந்நூறு வருஷம் ஆச்சு தம்பி. நீ முந்நூறு வருஷம் கழிச்சு எப்படி இருப்பேன்னு நினைச்சுப் பாரு."

"என் அட்டையாவது வெள்ளையா இருக்கணும்னு வேண்டிக்கிறேன். மத்த அட்டையெல்லாம் டீ குடிச்ச பல்லு கலர், இது மட்டும் பளிச்சுனு இருக்கே."

"அப்பப்ப புதுசா எழுதி வைப்பேன்," என்றார் மேஜர். அடுத்த சாமானுக்கு நகர்ந்தார், கொஞ்சம் வேகமாகவே.

"மேஜர்," என்றாள் ஹெஸ்டர். "இந்தப் பொண்ணு விரலை எடுத்தாங்கிறதுக்கு என்ன சாட்சி?"

இதற்காகவே காத்திருந்தவர் போல மேஜர் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு தோல் உறையை எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்தார். உள்ளே குதிரைமயிர் அடைத்து, மணிக்கட்டில் கட்ட ஒரு வார் தொங்கும் சின்ன உறை. பழுப்புத் தோல், ஒரு கீறல் இல்லை.

"இது அவ போட்டிருந்தது. நானே என் கையால எடுத்தேன். விரல் துளை மேல இருந்திருந்தா, மருந்து வெடிச்சப்ப தீ அந்தத் துளை வழியாவும் சீறியிருக்கும். தோல் கருகியிருக்கும். எங்க கருகியிருக்கு? பாருங்க. குழந்தையோட கன்னம் மாதிரி இருக்கு. விரல் துளை மேல இல்ல, அவ்வளவுதான். பாவம் ஆம்புரோஸ். இவ ஒரு விநாடி அசந்தா, அவன் போயிட்டான்."

கான்ஸ்டபிள் ஸ்னெல் விரலைச் சூப்பிவிட்டுத் தலையாட்டினான். மேவிஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கே இப்போது தன் விரல் மேல் நம்பிக்கை போய்விட்டது, பார்க்கப் பாவமாக இருந்தது.

"நியாயந்தான்," என்றாள் ஹெஸ்டர். "ஒரே ஒரு சந்தேகம். அதுக்கு முன்னால நாலு தடவை சுட்டீங்க. ஒவ்வொரு தடவையும் அந்தத் துளையில மருந்து கொட்டித்தானே பத்த வைக்கிறீங்க? துளையைச் சுத்திக் கரி படியும். அது மேல நாலு தடவை அழுத்தின உறையில கரியே இல்லையே."

கிளெமுக்கு உள்ளம் குதித்தது. மாட்டிக்கொண்டார் மனிதர் என்று நினைத்தான். ஆனால் மேஜர் சிரித்தார்.

"இதுக்குத்தான் வெளியூருக்காரங்க வரக்கூடாதுங்கிறது. பொழுது சாயறதுக்குள்ள எல்லாச் சாமானையும் சோப்புப் போட்டுக் கழுவி வைக்கணும். எங்க படையோட முதல் விதி அது. யாரு செத்தாலும் விதி விதிதான். நானே கழுவினேன். சோப்பு கரியை எடுக்கும் அம்மா. தீக்காயத்தை எடுக்காது."

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கான்ஸ்டபிள் ஒரு காகிதப் பையை விரித்தான். கிளெம் தன் முதலாளியைப் பார்த்தான். "பாஸ், டீக்கடையில இன்னொரு முட்டை இருக்கு. வேணா போயிடலாமா?"

"இரு. மேஜர், இது மேவிஸோட உறைதான்னு உறுதியாத் தெரியுமா? எல்லா உறையும் ஒரே மாதிரி இருக்கே."

"ஒரே மாதிரிதான் இருக்கணும். ஒரே தோல், ஒரே குதிரைமயிர், மெழுகு பூசின சணல் நூல். அந்தக் காலத்துல எப்படியோ அப்படி. போன வருஷம் ஒருத்தன் கால்சட்டையில ஜிப் வெச்சிட்டு வந்தான். அன்னிக்கே வெளியேத்திட்டேன். என் படையில எல்லாம் சுத்தம்."

"இதுவும் சணல் நூல்தானா?"

"நான் ஒவ்வொரு உறையையும் பார்த்து ஒப்புதல் குடுத்தவன். என் பேரை எழுதிக்கங்க கான்ஸ்டபிள். சணல் நூல்தான்."

"எழுதிக்கோங்க கான்ஸ்டபிள்," என்றாள் ஹெஸ்டரும். "எழுதிட்டு அந்த உறையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்புங்க."

ஸ்னெல் குதிரைமயிரைப் பிடுங்கி மேஜை மேல் போட்டுவிட்டு உறையைத் திருப்பினான். தையல் எல்லாம் உள்பக்கம் இருந்தது. மேஜர் சொன்னது சரி. பழுப்பு நிறச் சணல் நூல், மெழுகு மினுமினுத்தது.

மேவிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹெஸ்டர் அவளைப் பார்த்துத் தலையாட்டினாள். "இப்ப சொல்லு."

"இது என்னோடது இல்ல," என்றாள் மேவிஸ். மேஜரைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள். "சணல் நூல் சூட்டுல அறுந்துக்கிட்டே இருந்துச்சு. அதனால பட்டறையில கூடாரம் தைக்கிற நைலான் நூல் போட்டுத் தெச்சேன். ஆரஞ்சு கலர். வெளிய தெரியாதுன்னு உள்பக்கமா தெச்சேன். மேஜருக்குத் தெரிஞ்சா அனுப்பிடுவாருன்னு."

மேஜர் அந்த உறையைப் பிடுங்கி, தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொய் சொல்றா," என்றார். "அப்படி ஒண்ணு இருந்தா எங்க? காட்டச் சொல்லுங்க."

"காட்டறேன்," என்றாள் ஹெஸ்டர். "நீங்க அதைக் கடல்ல போட்டிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. எவனா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பான். ஆனா உங்களால ஒரு பழைய ஆணியைக்கூடத் தூக்கிப் போட முடியாது. பெட்டியில ஒரு இடம் காலியா இருந்தாலும் தூக்கம் வராது. பெட்டியில காட்சிக்குன்னு புதுசாத் தெச்சு வெச்சிருந்த உறையை எடுத்து, மேவிஸோடதுன்னு இழுப்பறையில வெச்சீங்க. அப்ப பெட்டியில ஒரு ஓட்டை விழுந்துடுச்சு. கருகினதை அங்க வெச்சு, புது அட்டை எழுதினீங்க. கான்ஸ்டபிள், நாற்பத்தொண்ணை எடுங்க."

"தொடாதே," என்று மேஜர் குறுக்கே வந்தார். "மூச்சுக் காத்து பட்டாலே பொடிஞ்சிடும். முந்நூறு வருஷத்துத் தோல்."

"மூச்சைப் பிடிச்சுக்கறேன் சார்," என்றான் ஸ்னெல். பணியாரத்துக்குப் பிறகு அவன் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான். கண்ணாடியைத் தூக்கி, கருகிப்போன உறையை எடுத்து, நடுவில் வட்டமாகத் தீய்ந்திருந்த இடத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டு, மெதுவாக உள்வெளியாகத் திருப்பினான்.

ஆரஞ்சு நிற நைலான் நூல். நெருக்கமான, கூடாரத் தையல்.

"உள்நாட்டுப் போர்ல நைலான்," என்றான் கிளெம். "அப்ப ஜிப்பும் இருந்திருக்கும் மேஜர். அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடுங்க."

மேவிஸ் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை. தீ வந்தபோதும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஐந்து நாளாக மூச்சை அடக்கி வைத்திருந்தவள் போல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப துளை அடைச்சுத்தான் இருந்துச்சு," என்றான் ஸ்னெல், மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டு. "பின்ன எப்படி வெடிச்சது?"

"உள்ள கங்கு அணையாம இருந்ததால. துடைச்ச ஆட்டுத்தோல்ல ஈரம் இல்லாததால." ஹெஸ்டர் அந்த அகராதியை எடுத்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து மேஜரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இங்க இவரு எழுதியிருக்காரு. பழைய பீரங்கிக்காரங்க உலர்ந்த ஆட்டுத்தோலாலதான் துடைச்சாங்களாம், தண்ணி தொடறது பின்னால வந்த சோம்பேறிப் பழக்கமாம். ஆள் சாவார்னு பீல் எழுதினாரு. ஊரே இவரைப் பார்த்துச் சிரிச்சது. இவருக்குத் தாங்கல. ஊர் முன்னால தன் புத்தகம் சரின்னு நிரூபிக்கணும். காலி வாளியில கம்பை முக்கி எடுத்தாரு. தோல் வாளி, கருப்பு, உள்ள தண்ணி இருக்கா இல்லையான்னு எவனுக்குத் தெரியும்? நாலு தடவை அதிர்ஷ்டம்."

மேஜர் உட்காரவில்லை. இப்போதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நின்றார். "நாலு தடவை சரியா வந்துச்சே," என்றார். "அஞ்சாவது முடிஞ்சிருந்தா ஆம்புரோஸ்கிட்ட வாளியைக் கவுத்துக் காட்டியிருப்பேன். அவன் முகத்தைப் பார்க்கணும்னு இருந்தேன். என் ஆதாரம் பதினேழாம் நூற்றாண்டு ஆதாரம். ஒரு தபால்காரன்..."

"அந்தத் தபால்காரரைப் பீரங்கிக்கு முன்னால நிக்க வெச்சிட்டு, உங்க புத்தகத்தைப் பின்னால வெச்சீங்க," என்றாள் ஹெஸ்டர். குரலை உயர்த்தவில்லை. "செத்ததுக்கு அப்புறம் பழியைக் கூடாரம் தைக்கிற பொண்ணு மேல போட்டீங்க. உங்களை மாதிரி ஆளுக்கு அந்தக் கிடங்குல இருந்த உருளைக்கிழங்கு எவ்வளவோ மேல். வேக வெச்சா யாருக்காவது உதவும். கான்ஸ்டபிள், மணி என்ன?"

"பன்னெண்டரை."

"ரெண்டு மணிக்கு இவரைக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு உறையும், புத்தகமும் சேர்த்து."

ஸ்னெல் மேஜரின் முழங்கையைப் பிடித்தான். மேஜர் நகர்ந்தார், பாதியில் நின்றார். அவர் கண் மேஜை மேல் கிடந்த கருகிய உறையை விட்டுப் போகவில்லை. அதன் ஆரஞ்சுத் தையலைப் பார்த்து முகம் கோணியது. ஆள் செத்ததற்கும் கோணாத முகம்.

"நைலான்," என்றார் மேவிஸைப் பார்த்து. "என் படையில நைலான். உனக்கு வெட்கமா இல்ல?"

மேவிஸ் எழுந்தாள். ஐந்து நாளில் முதல்முறையாக அந்த ஆளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"இல்ல மேஜர்," என்றாள். "நூல் அறுந்து போச்சுன்னு நான் அழுதப்ப, நைலான் போடுன்னு சொன்னதே ஆம்புரோஸ்தான். பழைய சொல்லெல்லாம் என் அட்டையில பத்திரமா இருக்கு பாப்பா, உன் விரலை நீ பத்திரமா வெச்சுக்கோன்னாரு."